மேற்கு ஜன்னலுக்கு வேறு கணக்கு

ஜன்னல் விற்கும் கடைகளில் ஒரு சின்ன வித்தை காட்டுவார்கள். மேசைமேல் சூடு கக்கும் விளக்கு ஒன்று எரியும். அதன் முன்னால் இரண்டு கண்ணாடித் துண்டுகள். முதல் துண்டுக்குப் பின்னால் கையை வைத்தால் உள்ளங்கை சுடும். அடுத்ததற்குப் பின்னால் வைத்தால் சூடே தெரியாது. "இதுதான் சார் டபுள் கிளாஸ்" என்பார் கடைக்காரர். பக்கத்தில் நிற்கும் வீட்டம்மாவும் கையை வைத்துப் பார்ப்பார். பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

வித்தையில் பொய் இல்லை, விளக்கத்தில்தான் கோளாறு. அங்கே சூட்டைத் தடுத்தது பெரும்பாலும் கண்ணாடியின் எண்ணிக்கை இல்லை, கண்ணாடிமேல் இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சு. அந்தப் பூச்சு ஒற்றைக் கண்ணாடியில் இருந்தாலும் சூடு வெகுவாகக் குறைந்திருக்கும். பூச்சே இல்லாத வெறும் கண்ணாடி இரண்டை இடைவெளி விட்டு அடுக்கியிருந்தால் கை சற்றுக் குறைவாகச் சுட்டிருக்கும், அவ்வளவுதான். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது புரியாமல் கொடுத்துவிடுகிற இடம் இது.

இந்தக் குழப்பத்தை இப்போது பேசக் காரணம் உண்டு. நம் பகுதியில், பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரிலிருந்து கேளம்பாக்கம் வரை முதல் அலையில் எழுந்த அடுக்குமாடிகளின் ஜன்னல்களுக்கு வயதாகிவிட்டது. ஸ்லைடிங் கதவு பாதியில் சிக்குகிறது. அலுமினிய டிராக்கில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. கிரில்லில் துரு ஏறி, மழைக்கு வெளிச்சுவரில் பழுப்புக் கோடு இறங்குகிறது. மாதவரத்தில் புறப்படும் மெட்ரோ ரயிலின் மூன்றாம் வழித்தடம் சிறுசேரி சிப்காட்டில் முடிகிறது. அதன் கட்டுமானத் தூசியும் இரைச்சலும் சாலையோர வீடுகளைச் சாத்திய ஜன்னலுக்குள் தள்ளிவிட்டன. மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு.

ஆனால், முழுசாக மாற்றத்தான் வேண்டுமா? சிக்குகிற ஸ்லைடிங் கதவுக்குப் பெரும்பாலும் தேவை புது ரோலர். ஒழுகுகிற ஜன்னலுக்குப் பல சமயம் தேவை, பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைப்பது. கண்ணாடியை மட்டும் மாற்றலாம், ரப்பர் பீடிங்கை மட்டும் மாற்றலாம். வீடு கைக்கு வந்து ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதன்கீழ் வரும் திட்டங்களில், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் வேலைத்தரக் குறைகளைக் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஜன்னல் வழியே ஒழுகுவதும் வேலைத்தரக் குறைதான் என்று கேட்க இடமிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள்.

மாற்றுவதென்றே முடிவானால், எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி: "யூபிவிசி நல்லதா, அலுமினியம் நல்லதா?" அந்தக் கேள்வி கொஞ்சம் காத்திருக்கட்டும். முன்னதாக வீட்டின் ஒவ்வொரு ஜன்னலும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டின் மேற்கு ஜன்னலுக்கும் கிழக்கு ஜன்னலுக்கும் உள்ள வேறுபாடு, யூபிவிசிக்கும் அலுமினியத்துக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியது.

மேற்கிலிருந்து தொடங்குவோம். மே மாதம், மாலை நான்கு மணி. வெயில் நேராக விழும் மேற்குக் கண்ணாடிமேல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 550 வாட் வெப்பம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் ஒற்றைக் கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்று மேலாக உள்ளே விட்டுவிடும். ஐந்தடிக்கு நாலடி ஜன்னல் என்றால் பரப்பு 1.86 சதுர மீட்டர். ஆக, அந்த ஒரு ஜன்னல் வழியாக வெயிலால் மட்டும் சுமார் 840 வாட் உள்ளே வருகிறது. ஒன்றரை டன் ஏசி இழுத்து வெளியேற்றக்கூடிய மொத்த வெப்பமே 5,200 வாட் சொச்சம். அதில் ஆறில் ஒரு பங்கை ஒரு ஜன்னலே தின்றுவிடுகிறது.

இப்போது இன்னொரு வெப்பத்தைப் பாருங்கள். வெளியே 37 டிகிரி, ஏசி அறைக்குள்ளே 27. இந்தப் பத்து டிகிரி வித்தியாசத்தால் அதே கண்ணாடி வழியே கசிந்து வருவது சுமார் 105 வாட். இரட்டைக் கண்ணாடி போட்டால் இந்த 105 ஏறத்தாழ பாதியாகும். வெயிலால் வரும் 840, பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடியிலும் 700ஐத் தாண்டித்தான் நிற்கும்.

குளிர்நாட்டில் கணக்கு நேர்மாறு. அங்கே வெளியே உறைபனி, உள்ளே இருபது டிகிரி. வித்தியாசமே இருபது, முப்பது டிகிரி. வெயில் உள்ளே வந்தால் கும்பிட்டு வரவேற்பார்கள். அவர்களுக்கு இரட்டைக் கண்ணாடி உயிர் காக்கும் பொருள். அந்த ஊர்களின் விளம்பர வாசகத்தை அப்படியே இங்கே இறக்கியதால்தான், விற்பனையாளர் 'யூ வேல்யூ' என்ற எண்ணைப் பெருமையாகச் சொல்கிறார். அது கசிவுக்கான எண். நமக்கு வேண்டியது 'எஸ்எச்ஜிசி' என்ற எண். வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கை அந்தக் கண்ணாடி உள்ளே விடுகிறது என்பதே அது. வெறும் கண்ணாடிக்கு 0.8 சொச்சம். வெயில் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிக்கு 0.4, 0.5 என்று இறங்கும். பூச்சும் சேர்ந்த இரட்டைக் கண்ணாடியில் 0.3க்கும் கீழே போகலாம். கடையில் இந்த ஒரு எண்ணை மட்டும் கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரிந்தவரிடம் மேற்கொண்டு பேசலாம். கண்ணாடி ஒன்றும் தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் ஆலை கண்ணாடி வார்க்கிறது.

இன்னும் மலிவான வழி கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. மே மாத மாலை ஐந்து மணிக்கு வெயில் இருபது டிகிரிச் சாய்வில் வரும். இரண்டடி நீட்டிய சன்ஷேட் அப்போது ஜன்னலின் மேல்பகுதியில் முக்கால் அடிக்குக்கூட நிழல் தராது. மேற்குக்குச் சன்ஷேட் போதாது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. மூங்கில் தட்டியையும் வெட்டிவேர்த் தட்டியையும் அவர்கள் ஜன்னலுக்கு வெளியேதான் கட்டினார்கள். நாம் திரைச்சீலையை உள்ளே தொங்கவிடுகிறோம். உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் திரை வெளியே அனுப்பாது; திரை சுட்டு, அறையும் சுடும். பால்கனிக்கு வெளிப்புறம் ஒரு தட்டி கட்டக் குடியிருப்போர் சங்கம் அனுமதித்தால், கண்ணாடிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதி மிஞ்சும்.

தெற்கு ஜன்னல் அவ்வளவு தொல்லை தராது. மார்கழி நடுப்பகலில் சூரியன் 54 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேட் அப்போது இரண்டே முக்கால் அடிக்கு நிழல் தரும். கோடையில் தெற்குச் சுவரில் நடுப்பகல் வெயிலே விழாது. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று பலரும் நம்புகிறார்கள். நம் ஊர் ஏறத்தாழ 12.8 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் பாதியிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. வடக்குச் சுவருக்கும் அந்த நான்கு மாதம் வெயில் உண்டு. ஆனால் உயரத்திலிருந்து விழுவதால் சின்னச் சன்ஷேடே பெரும்பாலும் சமாளித்துவிடும்.

கிழக்கு ஜன்னல்தான் நம் பகுதியின் செல்லப்பிள்ளை. காலை வெயிலும் அதன் வழியேதான், கோடைப் பகலைத் தணிக்கும் கடற்காற்றும் அதன் வழியேதான். ஐப்பசி, கார்த்திகையில் சுழற்றி அடிக்கும் வடகிழக்கு மழையும் அதே வழிதான். கோவளத்துக்கும் நமக்கும் நடுவே முட்டுக்காட்டு உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் கேளம்பாக்கத்து உப்பளங்களும்தான். காற்றை மறிக்க ஒரு குன்றுகூடக் கிடையாது.

ஜன்னல் என்பது போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற சொல். அதற்கு முன்பிருந்த பழந்தமிழ்ச் சொற்களில் ஒன்று 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வெளிச்சத்தையோ வேடிக்கை பார்ப்பதையோ விட்டுவிட்டுக் காற்றைச் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் புழுக்கத்தில் வாழ்ந்தவர்கள் வேறெப்படி வைப்பார்கள்? மத்திய அரசின் 2018ஆம் ஆண்டின் 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பும் இதையே எண்ணில் சொல்கிறது. நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். 'திறக்கக்கூடிய' என்ற சொல்தான் இதில் முக்கியம்.

ஐந்தடிக்கு நாலடி ஸ்லைடிங் ஜன்னல் இருபது சதுர அடி இடத்தை அடைக்கிறது. திறந்தால் பத்து சதுர அடிதான் கிடைக்கும். அதிலும் கொசுவலை போட்டால் காற்று இன்னும் சுருங்கும். கீலில் திறக்கும் கதவு ஜன்னலைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டோம். அது முழு இருபது சதுர அடியையும் திறந்துவிடும். பழைய வீடுகளில் கதவை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரித்தே வைத்தார்கள். கீழே சாத்தி மறைப்பு, மேலே திறந்து காற்று. இதையெல்லாம் நேரில் பார்க்க நினைப்பவர்கள், ஜன்னல் கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காட்டுத் தட்சிணசித்திராவுக்குப் போய்வரலாம். 1996இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய பழைய வீடுகள் இருக்கின்றன. உச்சிவெயிலில் அவற்றின் உள்ளே நின்று பாருங்கள்.

கொஞ்சம் தெற்கே, மாமல்லபுரத்து ரதங்களின் விளிம்பில் வரிசையாக 'கூடு' என்ற குதிரைலாட வடிவங்கள் இருக்கும். மரவீட்டு ஜன்னலைப் பல்லவச் சிற்பி கல்லில் படியெடுத்தது அது. உள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும், ஆனால் திறக்காது. சிறுசேரியில் உருகுவேக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட் வடிவமைத்த டிசிஎஸ் வளாகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடுகளின் நினைவு வருகிறது. நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலகத்துக்குக் கண்ணாடிச் சுவர் சரியாக இருக்கலாம். அங்கே வேலை பார்த்துவிட்டு வருகிறவர் வீட்டுக்கும் அதே போன்ற திறக்காத கண்ணாடி கேட்கும்போதுதான் சங்கடம். மின்சாரம் நின்றால் ஏசியை ஓட்டப் பல வீடுகளில் ஜெனரேட்டர் இருக்காது.

அப்படியென்றால் எல்லாரும் கதவு ஜன்னலுக்கே மாறிவிடலாமா? அதிலும் சிக்கல் உண்டு. கதவு வெளியே திறக்க வேண்டும், கொசுவலை உள்ளே வர வேண்டும், நடுவே கிரில். கையை எங்கே விட்டு எதைத் தள்ளுவது என்று குழம்பித்தான் பலரும் ஸ்லைடிங்குக்குத் திரும்புகிறார்கள். மாடி உயர உயர, திறந்திருக்கும் கதவைக் காற்று அடித்து உடைக்கும் பயமும் உண்டு. நான் சொல்வது இவ்வளவே: படுக்கையறையின் கிழக்கு ஜன்னலுக்கு மட்டுமாவது கதவு வகையைப் போடுங்கள். காற்று வராத குளியலறைப் பக்கத்துக்கும் பால்கனிக்கும் ஸ்லைடிங் இருக்கட்டும்.

கிழக்குக்குக் கதவு வகையைச் சொல்ல இன்னொரு காரணம் மழை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த பிற்பகலில் பல வீடுகளில் ஜன்னல் சாத்தியிருந்தும் தரையில் தண்ணீர் நின்றது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்துக்கு அருகிலேயே கரையேறியபோதும் இதே கதை. "ஜன்னல் மட்டம் சார், தண்ணீர் உள்ளே வருது" என்ற புகாருக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று சுவரில் மோதும்போது தரும் அழுத்தம், தண்ணீரை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தப் போதுமானது. வேகம் 110 ஆனால் அது ஐந்தரை சென்டிமீட்டரைத் தாண்டும். ஸ்லைடிங் ஜன்னலின் கீழ் டிராக்கில், உள்பக்க விளிம்பின் உயரம் அதைவிடக் குறைவு என்றால், டிராக்கில் தேங்கும் நீரைக் காற்றே தூக்கி உள்ளே ஊற்றிவிடும். ஜன்னல் பழுதில்லை, டிராக்கின் விளிம்பு குட்டை. நீர் வெளியேற டிராக்கில் விட்டிருக்கும் சின்னத் துளைகளைத் தூசி அடைத்திருந்தால் புயல்கூட வேண்டாம், சாதாரண மழையே போதும். புரட்டாசியில் ஒருமுறை பழைய பல்துலக்கியால் அந்தத் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்வது, வீட்டில் செய்யும் மிக லாபமான வேலை. கதவு வகை ஜன்னலில் ரப்பர் கேஸ்கெட்மேல் கதவு அழுந்திப் பூட்டிக்கொள்வதால் இந்தத் தொல்லை குறைவு. ஒரே கொக்கி போதாது. மேலும் கீழும் நடுவிலும் பூட்டுவதாக இருக்கவேண்டும்.

இனி, காத்திருக்கச் சொன்ன கேள்விக்கு வரலாம். நம் பகுதியில் ஜன்னல் சட்டத்தின் எதிரி உப்பு. அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். இரும்பைப் போலத் துருப்பிடிக்காதுதான். ஆனால் உப்புக்காற்றில் அதன்மேல் புள்ளி புள்ளியாக அரித்துப் பொடி பூக்கும், இரும்புத் திருகு போட்ட இடத்தில் இன்னும் வேகமாக. தடிமனான அனோடைசிங், அதாவது 25 மைக்ரான் அளவு, அல்லது ஒழுங்கான பவுடர் கோட்டிங் இருந்தால் பல காலம் தாங்கும். யூபிவிசியை உப்பு தொடாது. ஆனால் வெயிலில் நீளும்: ஒன்றரை மீட்டர்ச் சட்டம் நாற்பது டிகிரி சூடேறினால் நான்கு மில்லிமீட்டர் வரை நீளக்கூடும். அடர்நிறச் சட்டம் வெள்ளையைவிட அதிகம் சூடேறும் என்பதால் மேற்குப் பக்கத்துக்கு வெள்ளையே நல்லது. உள்ளே துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். பெரிய ஜன்னலில் அது இல்லாமல் சட்டம் வளையும். நீங்கள் வாங்கிய வகையின் தயாரிப்பே நின்றுபோனால் பத்தாண்டு கழித்து அதற்குப் பொருந்தும் பீடிங் கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

சட்டம் எதுவானாலும், முதலில் போவது கீலும் திருகும் ரோலரும்தான். பணத்தைக் கண்ணாடியில் கொட்டிவிட்டு இவற்றில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்ற ரகம் கடற்கரைப் பக்கம் பழுப்புக் கறை பிடிக்கும், 316 தாங்கும். விலைப்பட்டியலில் இந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். 'சதுர அடிக்கு இவ்வளவு' என்ற ஒற்றை வரிப் பட்டியலை ஏற்காதீர்கள். சட்டத்தின் சுவர்த் தடிமன், கண்ணாடியின் தடிமன், கொசுவலை, கிரில், பழையதைப் பெயர்க்கும் கூலி, பூச்சுவேலை எல்லாம் தனித்தனியே இருந்தால்தான் இரண்டு கடைகளை ஒப்பிட முடியும்.

தேக்கு ஜன்னல் இருக்கும் பழைய ஊர்வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அதைக் கழற்றி எடைக்குப் போடுமுன் ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கீல் மாற்றி, இழைத்து, எண்ணெய் பூசினால் உங்களுக்குப் பிறகும் இருக்கும் பொருள் அது.

சத்தத்துக்காக இரட்டைக் கண்ணாடி கேட்பவர்கள், நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைப் பற்றியும் விசாரிக்கலாம். லாரி இரைச்சலுக்கு மெல்லிய இரட்டைக் கண்ணாடியைவிட அது பல சமயம் மேல். உடைந்தாலும் சில்லுகள் உதிராது. இரட்டைக் கண்ணாடிக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் காலையில் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்த்து வழிவதை அது குறைக்கும். ஓரத்து அடைப்பு விட்டுப்போனால் மட்டும் நடுவே பனி படியும், அதைத் துடைக்க வழியில்லை, மொத்தமாக மாற்றத்தான் வேண்டும்.

கிரில் வேண்டுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. குழந்தை உள்ள வீட்டில் வேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஒரு கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். தீ பிடித்தால் வெளியேற வழி வேண்டும். அடுக்குமாடியில் வெளித்தோற்றம் மாறுவதாக இருந்தால் சங்கத்தின் ஒப்புதலை முன்பணம் கொடுக்குமுன் வாங்குங்கள், பிறகு இல்லை.

கடைசியாகப் பொருத்துவது. நல்ல ஜன்னலும் ஒழுகுவது பெரும்பாலும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவேதான். பழைய சட்டத்தை விட்டுவிட்டு அதற்குள்ளேயே புதியதைச் செருகினால் வேலை ஒரே நாளில் முடியும், சுவர் உடைபடாது. ஆனால் நான்கு பக்கமும் அங்குலக் கணக்கில் திறப்பு சுருங்கும், பழைய ஓட்டைகளும் அப்படியே உள்ளே இருக்கும். முழுதாகப் பெயர்த்தால் தூசி, கொத்தனார், ஒரு வாரம். இடைவெளியில் மஞ்சள் நுரை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்; அந்த நுரை வெயில் பட்டால் பொடியாகும், வெளியே சிலிக்கானோ பூச்சோ மூடியே ஆகவேண்டும். ஜன்னலின் அடித்தளம் வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். வேலை முடிந்த அன்றே, ஆட்கள் கிளம்புமுன், தோட்டக் குழாயால் வெளியிலிருந்து பத்து நிமிடம் பீய்ச்சச் சொல்லுங்கள். பணத்தில் ஒரு சிறு பங்கை ஐப்பசியின் முதல் பெருமழை முடிந்து தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதக் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். சிலர் ஒத்துக்கொள்வார்கள், வேலையை அவர்களிடம் கொடுங்கள்.